23 கிளைகளும் ஒரு கொள்முதல் செயலியும்: கூடலூர்க் குழுவுக்கு விரிவான பதில்

நீலகிரி மாவட்டக் கூடலூரிலிருந்து நீங்கள் கேட்டிருந்த கேள்வியின் சாரம் இது. ஐந்து பேர் கொண்ட உங்கள் குழு, சிறு விவசாயிகளிடமிருந்து பசுந்தேயிலை வாங்கும் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிறது. கொள்முதல் நிலையத்தில் எடையைப் பதிந்து ரசீது கொடுக்கும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்று, மாதக் கணக்கை முடித்து விவசாயிக்குச் சேரவேண்டிய தொகையைக் கணக்கிடும் சர்வர் நிரல் ஒன்று என அதில் இரண்டு பகுதிகள். நிரலின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கிட் என்ற கருவியின் களஞ்சியத்தில் இப்போது 23 கிளைகள், அதாவது ஒரே நிரலிலிருந்து பிரிந்து தனித்தனியே வளரும் வரிசைகள், இருக்கின்றன. அவற்றுள் 7, ஏழு தொழிற்சாலைகளுக்கென்று தனித்தனியாகப் பிரித்தவை. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் கிளைகளை இணைப்பதிலேயே ஒரு வாரம் போய்விடுகிறது. சரிசெய்த பிழைகள் சில மாதங்களில் திரும்ப வருகின்றன. எந்த நிலையத்தில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று குழுவில் எவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. இந்த நிலையில் எந்தக் கிளை முறையைப் பின்பற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் கோத்தகிரியில் இருந்துகொண்டு இதே வகை மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளையும் நாங்கள் பட்டிருக்கிறோம் என்பதால், முறைகளின் பெயர்களை அடுக்காமல், எங்களுக்கு உண்மையில் பயன்பட்டவற்றையும் அவற்றின் காரணங்களையும் சொல்கிறேன்.

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். இன்றைக்கு உங்கள் மென்பொருளின் எத்தனை பதிப்புகள் வெளியே பயன்பாட்டில் இருக்கின்றன? அவற்றுள் எத்தனையில் பிழை வந்தால், புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்று சொல்லிவிடாமல், அந்தப் பதிப்பிலேயே சரிசெய்து தரும் கடமை உங்களுக்கு இருக்கிறது? நீண்ட நாள் வாழும் கிளைகள் அந்த எண்ணிக்கைக்கு ஒன்று கூடுதலாக இருந்தால் போதும். அந்தக் கூடுதல் ஒன்று, எல்லாரும் வேலை செய்யும் முதன்மைக் கிளை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் களஞ்சியத்தைப் பார்த்தால் இந்தக் கணக்கு அப்படியே தெரியும். அவர்கள் ஆண்டுக்கு ஒரு பெரும் பதிப்பை வெளியிடுகிறார்கள், ஒவ்வொன்றையும் 5 ஆண்டுகள் பராமரிக்கிறார்கள். ஆகவே எந்த நேரத்திலும் ஏறத்தாழ ஐந்து பராமரிப்புக் கிளைகளும் ஒரு முதன்மைக் கிளையும் உயிரோடு இருக்கின்றன. உலகம் முழுவதும் பயன்படும் தரவுத்தளத்துக்கே ஆறு கிளைகள் போதுமென்றால், ஐந்து பேர் எழுதும் நிரலுக்கு 23 கிளைகள் ஏன் வந்தன என்று நீங்கள் ஆராய வேண்டும். உங்கள் சர்வர் நிரல் ஓரிடத்தில்தான் ஓடுகிறது. அதற்கு ஒரு பதிப்பு. செயலிக்குப் புதியது ஒன்று, சிக்னல் எட்டாத நிலையங்களில் இன்னும் மாறாமல் இருக்கும் முந்தையது ஒன்று. முதன்மைக் கிளையையும் சேர்த்தால் நான்குக்கு மேல் போக வழியில்லை.

கிளைகள் இப்படிப் பெருகுவதற்குக் காரணம், கிட்டில் கிளையைத் தொடங்க எந்தச் செலவும் இல்லை என்பதே. ஒரு கிளை என்பது ஒரு கமிட்டின், அதாவது ஒருமுறை பதிந்த மாற்றத்தின், 40 எழுத்து அடையாளத்தை வைத்திருக்கும் சிறு கோப்பு மட்டுமே. வரி முடிவையும் சேர்த்து அது 41 பைட். முந்தைய தலைமுறையினர் புழங்கிய சப்வெர்ஷன் என்ற கருவியில் கிளை பிரிப்பது எளிது, திரும்ப இணைப்பதுதான் பெரும்பாடு. எதை ஏற்கெனவே இணைத்தோம் என்பதைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி அதற்கு 2008-இல் வந்த 1.5 பதிப்பில்தான் கிடைத்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டைத் தொடங்கியபோது, நூற்றுக்கணக்கானோர் தனித்தனியே செய்த மாற்றங்களை விரைவாக இணைப்பதே அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அந்த விரைவைக் கண்டு, இணைப்பதற்கே இனிச் செலவில்லை என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். ஒரே வரியை இருவர் மாற்றியிருந்தால் கிட் அதைச் சுட்டிக்காட்டும். ஆனால், ஒருவர் ஒரு செயற்கூறின், அதாவது பெயர் சொல்லி அழைக்கும் நிரல்துண்டின், பொருளை மாற்றியிருக்க, வேறொரு கோப்பில் இன்னொருவர் பழைய பொருளை நம்பி அதை அழைத்திருந்தால், கிட் எந்த முரணையும் காட்டாமல் இணைத்துவிடும். கிளையின் வயது கூடக்கூட இந்த இரண்டாம் வகை முரண்கள் பெருகும். இரண்டு நாள் வயதுள்ள பத்துக் கிளைகளைவிட இரண்டு மாத வயதுள்ள ஒரே கிளையைக் கண்டுதான் நான் அஞ்சுவேன்.

நீங்கள் இப்போது வைத்திருக்கும் அமைப்பு, அதாவது முதன்மை, மேம்பாடு, அம்சம், வெளியீடு, அவசரத் திருத்தம் என்று ஐந்து வகைக் கிளைகள் கொண்ட 'கிட் ஃப்ளோ', வின்சென்ட் டிரீசன் என்பவர் 2010 ஜனவரியில் எழுதி வெளியிட்டது. எண்ணிட்ட பதிப்புகளாக வெளியிடப்படும் மென்பொருளுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. அதனால்தான் அவ்வளவு பரவியது. பத்தாண்டுகள் கழித்து, 2020 மார்ச்சில், அவரே அதன் தலைப்பில் ஒரு குறிப்பைச் சேர்த்தார்: தொடர்ச்சியாக வெளியிடப்படும் இணையச் செயலிகளுக்கு இதைவிட எளிய முறையே ஏற்றது, பல பதிப்புகளை ஒரே நேரத்தில் வெளியே வைத்துப் பராமரிப்பவர்களுக்கு இந்த முறை இன்னும் பொருந்தக்கூடும் என்பது அதன் கருத்து. முறையை வகுத்தவரே எல்லையையும் சொல்லிவிட்டார். உங்கள் சர்வர் நிரலுக்கு அந்த ஐந்து வகைகளும் தேவையில்லை. செயலிக்கு அவற்றுள் வெளியீட்டுக் கிளை மட்டும் பயன்படும். மேம்பாட்டுக் கிளை என்ற ஒன்றை முதன்மைக்கும் வேலைக்கும் நடுவில் வைத்திருப்பதால் உங்களுக்குக் கிடைப்பது என்னவென்று நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு அது, சோதனை முடியாத வேலையைக் கொட்டிவைக்கும் இடமாகத்தான் இருந்தது.

இனி, தொழிற்சாலைக் கிளைகள். உங்கள் தொல்லையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு தொழிற்சாலை ரசீதில் தன் பெயர் தமிழில் பெரிதாக வரவேண்டும் என்கிறது. இன்னொன்று மழைநாளில் ஈர இலைக்கு எடையில் சதவீதக் கழிவு பிடிக்கிறது. மற்றொன்று சாக்குக்கு இத்தனை கிலோ என்று நிலையாகப் பிடிக்கிறது. வேறொன்றில் உர முன்பணத்தை மாதத் தொகையில் கழிக்கிறார்கள். முதல் வாடிக்கையாளருக்கு எழுதிய நிரலை இரண்டாமவருக்காக ஒரு கிளையாகப் பிரித்து மாற்றுவது அன்றைக்கு ஒரு மணி நேர வேலை; அதனால்தான் எல்லாரும் அதைச் செய்கிறோம். ஆனால் அந்தக் கிளை ஒருநாளும் முதன்மையோடு இணையப்போவதில்லை. இணையவே இணையாத கிளை வேறொரு மென்பொருள்தான். உங்களிடம் இருப்பது ஏழு மென்பொருள்கள். ஒரு பிழையை ஏழு முறை சரிசெய்து, ஏழு முறை சோதித்து, ஏழு முறை வெளியிட வேண்டியிருப்பதும் அதனாலேதான்.

தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறுவது நிரலுக்குள் இருக்கக் கூடாது, அமைப்புத் தரவில் இருக்க வேண்டும். நாங்கள் இதைப் பிரித்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலைக் கிளையை எடுத்துக்கொண்டு, அது முதன்மையிலிருந்து பிரிந்த இடத்திலிருந்து அதில் நேர்ந்த மாற்றங்களை மட்டும் பார்க்கிறோம். டிஃப் கட்டளையில் இரு கிளைப் பெயர்களுக்கும் நடுவே மூன்று புள்ளிகளை இட்டால் கிட் அதைத்தான் காட்டும். அந்த மாற்றங்களை அச்செடுத்து, ஒவ்வொன்றின் அருகிலும் அது எந்த வகை என்று பென்சிலால் குறித்தோம். பெயர், முகவரி, கழிவு விகிதம், ரசீதின் மொழி போன்றவை வெறும் தரவு. சதவீதக் கழிவுக்கும் சாக்குக் கழிவுக்கும் உள்ளது போன்ற வேறுபாடு, உண்மையான நடத்தை வேறுபாடு. மூன்றாவது வகை, எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் போயிருக்க வேண்டிய, ஆனால் கேட்டவருக்கு மட்டும் செய்து கொடுத்துவிட்டு மறந்துபோன திருத்தங்கள். இந்த மூன்றாம் வகை நாங்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது. அதை முதலில் முதன்மைக்குக் கொண்டுவந்தோம். பிறகு தரவை அமைப்பு அட்டவணைக்கு மாற்றினோம். நடத்தை வேறுபாடுகளைச் சிறு கணக்கீட்டுக் கூறுகளாகப் பிரித்து, எந்தத் தொழிற்சாலைக்கு எந்தக் கூறு என்பதையும் அதே அட்டவணையில் எழுதினோம்.

அந்த அட்டவணையில் ஒவ்வொரு விகிதத்துக்கும் அது நடைமுறைக்கு வந்த தேதியும் இருக்க வேண்டும். பசுந்தேயிலை விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. கழிவு விகிதத்தைத் தொழிற்சாலைகள் பருவத்துக்கேற்ப மாற்றுகின்றன. மார்ச் மாதக் கணக்கை ஜூனில் திருத்த வேண்டி வந்தால் மார்ச்சின் விகிதம் கிடைக்க வேண்டும். இன்றைய மதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு பழைய மாதத்தைக் கணக்கிட்டால் தவறான தொகை வரும். அப்புறம் அதைச் சரிக்கட்ட யாராவது நிரலில் ஒரு நிபந்தனையைச் செருகுவார்கள். அதற்கு ஒரு கிளை பிறக்கும்.

ஒரு தொழிற்சாலையின் கிளையைக் கைவிடும் முன் நாங்கள் செய்த சோதனை இதுதான்: கடந்த மூன்று மாதங்களின் உண்மையான எடைப் பதிவுகளை எடுத்து, பழைய கிளையிலும் புதிய முதன்மையிலும் மாதக் கணக்கை ஓட்டி, ஒவ்வொரு விவசாயிக்கும் வரும் தொகையைப் பைசா வரை ஒப்பிட்டோம். ஒத்துவராத இடங்களில் பாதி, பழைய கிளையில் இருந்த பிழைகள். அவற்றைத் தொழிற்சாலைக்குத் தெரிவித்துவிட்டே மாற்றினோம். எல்லாம் பொருந்திய பின், கிளையின் கடைசிக் கமிட்டுக்குக் காப்பு என்ற முன்னொட்டோடு ஒரு டேக், அதாவது நிலையான பெயர்ச்சீட்டு, இட்டுவிட்டுக் கிளையை அழித்தோம். டேக் இருக்கும்வரை அந்த வரலாறு எங்கும் போகாது என்பதால் அழிக்கத் தயங்க வேண்டியதில்லை. மாதம் ஒரு தொழிற்சாலை என்ற வேகத்தில் போனால் போதும். ஏழையும் ஒரே மூச்சில் செய்ய முயலாதீர்கள். எங்கள் குழுவில் இந்த வேலைக்கு, செடியின் கிளைகளை வெட்டிவிடுவதுபோல, கவாத்து என்றே பெயர். தேயிலைத் தோட்டத்திலும் கவாத்தை மொத்தத் தோட்டத்துக்கும் ஒரே ஆண்டில் செய்துவிட மாட்டார்கள், வருமானம் நின்றுவிடும்.

அன்றாட வேலைக்கான கிளைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதன்மையிலிருந்து பிரியுங்கள், இரண்டு அல்லது மூன்று நாளுக்குள் திரும்ப இணையுங்கள், இணைத்ததும் கிளையை அழித்துவிடுங்கள். இன்னொருவர் படித்துப் பார்த்து, தானியங்கிச் சோதனைகள் தேறிய பிறகே இணைப்பு நடக்கும்படி முதன்மைக் கிளையைப் பூட்டி வையுங்கள். மெர்ஜா (இரு கிளைகளின் வரலாற்றையும் அப்படியே இணைப்பது) ரீபேஸா (ஒரு கிளையின் கமிட்டுகளை மற்றதன் முனைமேல் மறுபடி எழுதுவது) என்ற விவாதத்தில் நேரம் செலவிட வேண்டாம். உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் கிளையை ரீபேஸ் செய்யலாம், பிறர் எடுத்துக்கொண்ட கிளையைச் செய்யக் கூடாது.

மூன்று நாளில் முடியாத வேலை என்ன செய்வது என்று கேட்பீர்கள். முடியாத வேலையையும் முதன்மையில் இணைக்கலாம், அது அணைந்த நிலையில் இருந்தால். ஃபீச்சர் ஃப்ளாக் என்று இதைச் சொல்கிறோம்: புதிய நிரல் ஓட வேண்டுமா என்பதை அமைப்புத் தரவிலுள்ள ஒரு மதிப்பு தீர்மானிக்கும். இதன் நன்மை பெரிது, ஆபத்தும் பெரிது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் புதிய நிரலைத் தன் சர்வர்களில் ஏற்றியபோது, எட்டுச் சர்வர்களுள் ஒன்றில் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். புதிய அம்சத்தை இயக்க அவர்கள் பயன்படுத்திய ஃப்ளாக், 2003-லேயே கைவிடப்பட்ட ஒரு பழைய அம்சத்துக்கு உரியது; அந்தப் பழைய நிரலோ அழிக்கப்படாமலே இருந்தது. ஃப்ளாக்கைத் திறந்ததும் ஏழு சர்வர்களில் புதிய நிரலும், எட்டாவதில் ஒன்பது ஆண்டுகள் தூங்கிக்கிடந்த பழைய நிரலும் ஓடின. சுமார் 45 நிமிடங்களில் நிறுவனம் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது என்று அந்நாட்டுப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் பதிவுசெய்தது. அந்த நிகழ்விலிருந்து நாங்கள் வகுத்துக்கொண்ட விதிகளுள் எதையும் தளர்த்தியதில்லை. ஒரு ஃப்ளாக்கின் பெயரை இன்னொன்றுக்குப் பயன்படுத்துவதில்லை. அம்சம் நிலைபெற்ற அடுத்த மாதமே ஃப்ளாக்கையும் பழைய நிரலையும் சேர்த்து நீக்குகிறோம். சர்வரில் ஏற்றியபின் ஒவ்வொரு இயந்திரமும் தன் பதிப்பு எண்ணைத் திரும்பச் சொல்லி, எல்லாம் ஒன்றே என்று தெரிந்தபிறகே பயனர்களுக்குத் திறக்கிறோம்.

அடுத்து வெளியீடு. செயலியின் அடுத்த பதிப்புக்கான நாள் வந்ததும் முதன்மையிலிருந்து ஒரு வெளியீட்டுக் கிளையைப் பிரிக்கிறோம். அதற்குப்பின் அந்தக் கிளைக்குள் புதிய அம்சம் எதுவும் நுழையாது. திருத்தங்கள் மட்டும் நுழையலாம். அந்தத் திருத்தங்களும் எந்த வழியாக நுழைகின்றன என்பதில்தான் உங்கள் இரண்டாவது தொல்லைக்கு, அதாவது திரும்பி வரும் பிழைகளுக்கு, விடை இருக்கிறது.

2019 தென்மேற்குப் பருவமழையின்போது எங்கள் செயலியில் ஈரக்கழிவுக் கணக்கு தவறாக இருந்தது. 5 சதவீதக் கழிவை மொத்த எடையில் கணக்கிடாமல், ஒவ்வொரு சாக்குக்கும் தனித்தனியே கணக்கிட்டு, அதையும் மேல்நோக்கி முழுக் கிலோவாக்கிவிட்டது. 23 கிலோ சாக்குக்கு 1.15 கிலோ கழிய வேண்டிய இடத்தில் 2 கிலோ கழிந்தது. ஆறு சாக்கு கொண்டுவந்தவருக்கு 7 கிலோவுக்குப் பதிலாக 12 கிலோ போயிற்று. தகவல் வந்த அன்றிரவே வெளியீட்டுக் கிளையில் அதைச் சரிசெய்து, புதிய பதிப்பை அனுப்பி, குறைந்த தொகையையும் கணக்கிட்டுத் தொழிற்சாலை மூலம் கொடுக்கச் செய்தோம். அந்தத் திருத்தத்தை முதன்மைக்குக் கொண்டுபோக மறந்துவிட்டோம். அடுத்த மாதப் பதிப்பு முதன்மையிலிருந்து பிரிந்தது. பிழையும் கூடவே வந்தது. ஒரு மூதாட்டி இரண்டு மாத ரசீதுகளையும் கையில் வைத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்தில் வந்து நின்று, போன மாதம் சரியாகிவிட்டது என்றீர்களே என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். அந்தக் கேள்வி இன்றும் எனக்கு வலிக்கிறது. வெளியீடு பற்றி நான் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுவதற்கு அவரே காரணம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிலைப்பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் இதற்கு நெடுநாளாக ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: நிலைப்பதிப்புக்குள் வரும் திருத்தமோ அதற்கு நிகரான ஒன்றோ முதலில் டோர்வால்ட்ஸின் முதன்மைக் களஞ்சியத்துக்குள் போயிருக்க வேண்டும். நாங்களும் அதையே ஏற்றுக்கொண்டோம். பிழையை முதலில் முதன்மையில் சரிசெய்கிறோம். பிறகு செர்ரி-பிக் கட்டளையால் அந்த ஒரு கமிட்டை மட்டும் வெளியீட்டுக் கிளைக்கு எடுக்கிறோம். அப்போது 'எக்ஸ்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால், மூலக் கமிட்டின் அடையாளத்தைக் கிட் செய்தியிலேயே எழுதிவிடும். எது எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேட வேண்டியதில்லை. அவசரத்தில் வரிசை மாறிவிட்டால் கண்டுபிடிக்க, 'கிட் செர்ரி' என்றே ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு கிளையிலுள்ள எந்தக் கமிட்டுகளுக்கு நிகரானவை மற்றதில் இல்லை என்பதைக் கூட்டல் குறியோடு அது பட்டியலிடும். புதிய வெளியீட்டுக் கிளையைப் பிரிப்பதற்கு முன், பழைய வெளியீட்டுக் கிளையை முதன்மையோடு அப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் கட்டாய வேலை. இணைக்கும்போது கைவைத்துத் திருத்திய கமிட்டுகளும் அந்தப் பட்டியலில் வரும் என்பதால், ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தே தள்ள வேண்டும்.

வெளியிடும் கமிட்டுக்குக் குறிப்புடன் கூடிய டேக் இடுங்கள். யார், எப்போது இட்டார் என்பதும் அதில் பதிவாகும். ஒருமுறை இட்ட டேக்கை நகர்த்தாதீர்கள். மற்றவர்களின் பிரதியில் பழைய டேக்கே இருக்கும், ஒரே பெயர் இரண்டு நிரல்களைக் குறிக்கும். தவறு தெரிந்தால் அடுத்த எண்ணை இடுவதே வழி. அந்த டேக்கிலிருந்து ஒரே ஒருமுறை பில்டு செய்து, அதாவது நிரலை ஓடக்கூடிய கோப்பாக்கி, சோதனைக்குப் போன அதே கோப்பையே பயனர்களுக்கும் அனுப்புங்கள். சோதனைக்கு ஒரு கிளை, உற்பத்திக்கு ஒரு கிளை என்று வைத்து இரண்டு முறை பில்டு செய்பவர்கள், தாங்கள் சோதிக்காத ஒன்றைத்தான் அனுப்புகிறார்கள்.

உங்கள் மூன்றாவது தொல்லைக்கும் டேக்கிலேயே தீர்வு உண்டு. 'கிட் டிஸ்கிரைப்' என்ற கட்டளை, கடைசி டேக், அதற்குப்பின் வந்த கமிட்டுகளின் எண்ணிக்கை, இப்போதைய கமிட்டின் அடையாளம் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லாகத் தரும். பில்டு நடக்கும்போது அதை நிரலுக்குள் எழுதிவிடுகிறோம். செயலியின் முதல் திரையிலும், விவசாயியிடம் கொடுக்கும் ரசீதின் கடைசி வரியிலும் அது அச்சாகிறது. பந்தலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ யாராவது தொலைபேசியில் அழைத்தால், ரசீதின் அடியில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வதே எங்கள் முதல் கேள்வி. அந்த ஒரு வரி மீதப்படுத்தித் தந்த நேரத்துக்கு ஈடாக வேறெதையும் என்னால் சொல்ல முடியாது.

பதிப்பு எண்ணைப் பொறுத்தவரை, டாம் பிரஸ்டன்-வெர்னர் வகுத்த செமாண்டிக் வெர்ஷனிங் முறை, உங்கள் நிரலைப் பிற நிரல்கள் சார்ந்திருந்தால்தான் முழுப் பயன் தரும். முதல் எண் மாறினால் பழையவற்றோடு பொருந்தாது என்று அது உறுதி கூறுகிறது. சர்வரும் செயலியும் பேசிக்கொள்ளும் இடைமுகத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் பார்க்கும் பதிப்புக்கு, உபுண்டு என்ற இயங்குதளம் செய்வதுபோல ஆண்டும் மாதமும் போதும், 24.04 என்றால் 2024 ஏப்ரல் என்று கொள்முதல் எழுத்தருக்கும் விளங்கும். ஆண்ட்ராய்டு உள்ளுக்குள் கேட்கும் பதிப்புக் குறியீடு ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போக வேண்டும், பிளே ஸ்டோர் அதற்கு 210,00,00,000 என்ற மேல்வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு, மாதம், தேதி, அன்றைய வரிசை எண் என்று பத்து இலக்கமாக எழுதினாலும் இந்த நூற்றாண்டின் இறுதிவரை அந்த வரம்புக்குள் அடங்கும்.

நம் மலையின் நிலைமை சேரும் இடம் இனிமேல்தான் வருகிறது. உங்கள் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால், கோத்தகிரி, குன்னூர் சரிவில் அக்டோபரில் வடகிழக்கு இறங்கும். இரண்டிலும் மரம் விழுந்து மின்சாரம் போவதும், செல்போன் கோபுரம் நாள்கணக்கில் அடங்கிக்கிடப்பதும் வழக்கம். நகரத்துக் குழுக்கள் நினைப்பதுபோல நாம் வெளியிட்ட அன்றே எல்லாத் தொலைபேசிகளும் புதிய பதிப்புக்கு மாறிவிடா. எங்கள் கணக்கில் கடைசி நிலையம் மாற ஆறு வாரம்கூட ஆகியிருக்கிறது. ஆகவே சர்வர் எப்போதும் செயலியின் இரண்டு பதிப்புகளைப் புரிந்துகொள்ள வேண்டும். தரவுத்தள அட்டவணையில் ஒரு பத்தியின் (நெடுவரிசையின்) பெயரை மாற்ற வேண்டுமானால், முதல் வெளியீட்டில் புதிய பத்தியைச் சேர்த்து இரண்டிலும் எழுதுகிறோம். எல்லாத் தொலைபேசிகளும் மாறிய பிறகு இன்னொரு வெளியீட்டில் பழையதை நீக்குகிறோம். இந்த ஒழுங்கு இல்லையென்றால் கிளைகளை எவ்வளவு அழகாக வைத்திருந்தாலும் பயனில்லை. பழைய செயலி மூன்று நாள் எடைகளை ஒரே மூச்சில் அனுப்பும்போது சர்வர் அவற்றை ஏற்காமல் தள்ளிவிடும், இழப்பு விவசாயியுடையது.

பிளே ஸ்டோரில் ஏற்றிய பதிப்பை முதலில் சிறு சதவீதத்தினருக்கு மட்டும் அனுப்பலாம், தவறு தெரிந்தால் நிறுத்தலாம். ஏற்கெனவே வாங்கியவர்களைப் பழைய பதிப்புக்குத் திருப்ப முடியாது. பழைய நிரலையே உயர்ந்த குறியீட்டோடு மறுபடி பில்டு செய்து அனுப்ப வேண்டும். டேக்குகள் ஒழுங்காக இருந்தால் அது அரை மணி நேர வேலை.

திரும்பப் பெறுவது பற்றிப் பேசும்போது, பலரும் ஒருமுறையாவது விழும் குழி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிளையை மெர்ஜ் கமிட்டாக இணைத்து, பிழை கண்டு, அந்த மெர்ஜை ரிவர்ட் செய்கிறீர்கள், அதாவது அதன் மாற்றங்களை நீக்கும் எதிர்க் கமிட் ஒன்றை இடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே கிளையில் பிழையைச் சரிசெய்து மறுபடி இணைத்தால், சரிசெய்த கமிட் மட்டும் வரும். முதலில் இணைந்த மாற்றங்கள் வரமாட்டா. அவை ஏற்கெனவே வரலாற்றில் இருப்பதால் கிட் அவற்றை இணைந்தவையாகவே கருதுகிறது. ரிவர்ட் நீக்கியது உள்ளடக்கத்தை மட்டுமே. முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்துவிட்டுப் பிறகு இணைக்க வேண்டும். கிளைகளை ஒற்றைக் கமிட்டாகச் சுருக்கி இணைக்கும் பழக்கம் இருந்தால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. நாங்கள் அதற்கு மாறியதற்கு இதுவே முதற்காரணம்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை வெளியிடுவது? லினக்ஸ் கெர்னலில் புதியவற்றை ஏற்க இரண்டு வாரம், அதன்பின் வாரத்துக்கு ஒரு சோதனைப் பதிப்பு, ஒன்பது பத்து வாரத்தில் வெளியீடு என்று ஒரு சுற்று ஓடுகிறது. சுற்றைத் தவறவிட்ட அம்சம் அடுத்ததற்குக் காத்திருக்கும். இந்த நிலையான சுற்றின் அருமை என்னவென்றால், இதைத் தவறவிட்டால் எப்போது கிடைக்குமோ என்ற பதற்றத்தில் அரைகுறை வேலையை யாரும் கடைசி இரவில் திணிப்பதில்லை. உங்களுக்குச் சர்வர் வாரம் ஒருமுறை, செயலி மாதம் ஒருமுறை என்பது பொருந்தும் என்று நினைக்கிறேன். மாதக் கணக்கு முடியும் நாளுக்கு முன்னும் பின்னும் ஐந்து நாள் எதையும் வெளியிடாதீர்கள். வெளியீட்டுக்குச் செவ்வாய் அல்லது புதன் காலையைத் தேர்ந்தெடுங்கள்; எல்லாரும் அலுவலகத்தில் இருப்பார்கள், மறுநாளும் இருப்பார்கள். நாளைத் தள்ளிப்போடுவதும் தவறாகாது, காரணம் வெளிப்படையாக இருந்தால். உபுண்டுவே 2006 ஏப்ரலில் வரவேண்டிய தன் முதல் நீண்டகாலப் பதிப்பைத் தரத்துக்காக ஜூனுக்குத் தள்ளியது, 6.06 என்ற எண்ணிலேயே அது தெரியும்.

இந்த வாரமே தொடங்க விரும்பினால், 23 கிளைகளையும் அவற்றின் கடைசிக் கமிட்டின் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். முதன்மையில் ஏற்கெனவே இணைந்துவிட்டவற்றைக் கிட் தானே காட்டிக்கொடுக்கும். அவற்றை அன்றே அழித்துவிடலாம். தொழிற்சாலைக் கிளைகளைத் தவிர, 60 நாளாக யாரும் தொடாத மற்றவற்றுக்குக் காப்பு டேக் இட்டு அழித்துவிடுங்கள். ரசீதின் அடியில் பதிப்பு எண்ணை அச்சிடும் மாற்றத்தை அடுத்த வெளியீட்டிலேயே அனுப்புங்கள், மழை தொடங்கும் முன் எல்லா நிலையங்களுக்கும் அது போய்ச்சேர வேண்டும். அதன்பின் ஏழு தொழிற்சாலைகளுள் முதன்மையோடு மிகக் குறைவாக வேறுபடும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அச்செடுத்த தாளோடும் பென்சிலோடும் உட்காருங்கள். ஈரக்கழிவுக் கணக்கு வரும் பக்கத்தை மட்டும் இருவர் தனித்தனியாகப் படியுங்கள்.